பூட்டு மன்னார்குடியில், சாவி தோகாவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் கடிதங்கள் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பிள்ளைகள் ஆன்லைன் விளையாட்டில் மூழ்குவதற்கு முழுக் காரணமும் வீட்டாரின் அலட்சியம்தானாம். எல்லா விளையாட்டிலும் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்று ஒரு வசதி இருக்கிறதாம், அதைப் போட்டுக்கொள்ளத் துப்பில்லாதவர்கள் பிறகு புலம்பக் கூடாதாம். அவர் அந்த வசதியை ஒரு தடவையாவது தன் கையால் போட்டுப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் போட்டுப் பார்த்தேன். முழுதாகப் போட்டு முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1982-இல் அஞ்சல் துறையில் சேர்ந்து, நீடாமங்கலம், வலங்கைமான் என்று டெல்டாவுக்குள்ளேயே சுற்றி, சப் போஸ்ட்மாஸ்டராக 2021-இல் ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் கத்தாரில் தோகாவில் வேலை செய்கிறார்கள். மகள் நர்ஸ், மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. சென்ற ஆண்டு மே மாதம் பேரனை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். 11 வயது, ஆறாம் வகுப்பு. கூடவே ஒரு டேப்பும் வந்தது. அந்த டேப்புக்குள் ஒரு விளையாட்டு. பெயர் எதற்கு? கட்டை கட்டையாக அடுக்கி வீடு, ஊர், பாலம் எல்லாம் கட்டுகிற விளையாட்டு. துப்பாக்கி, ரத்தம் எதுவும் இல்லை. பார்க்க நன்றாகவே இருந்தது. மரப்பாச்சியும் சொப்பும் வைத்து ஆடுவதைப்போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

விவகாரம் பாஸ்புக்கில் தெரிந்தது. செப்டம்பர் மாதம் வங்கியில் எந்திரத்துக்குள் பாஸ்புக்கை விட்டேன். கரகரவென்று அச்சடித்துக்கொண்டே போயிற்று. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் 100, 300, 100, 250, 300 என்று ஒன்பது பற்று. கூட்டினால் 1,850 ரூபாய். மளிகைக் கடைக்காரர் கணக்கு இப்படி முழு எண்ணாக வராது. முப்பத்தொன்பது வருடம் அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். என் கணக்கில் 1,850 ரூபாய் போயிருக்கிறது, நான் ஒரு மாதம் பார்க்கவேயில்லை.

பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "கேம்ல காயின் வாங்க கோட் வாங்கினேன் தாத்தா" என்றான். பணம் செலுத்தும் செயலியிலேயே பரிசுக் குறியீடு மாதிரி ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கி, எண்ணை எடுத்து, விளையாட்டுக் கடையில் போட்டால் காசு ஏறிவிடும். பணம் செலுத்தும் பின் எண் (PIN) உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கதானே சொன்னீங்க" என்றான். உண்மைதான். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சின்ன எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று, கடையில் நிற்கும்போது அவனிடம் போனைக் கொடுத்து, நாலு பேர் கேட்க எண்ணைச் சொன்னவன் நானேதான். 'ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று கவுண்டருக்கு மேலே பலகை மாட்டிவிட்டு அதன் கீழேயே வேலை பார்த்தவன்.

வாங்கியது என்ன? அவனுடைய பொம்மைக்கு ஒரு சிறகு, ஒரு நீலச் சட்டை, அப்புறம் ஒரு நாய். அந்த நாயைத் தொட முடியாது. "எனக்குப் புடவை எடுத்தே ரெண்டு வருஷமாச்சு" என்று என் மனைவி சொன்னதோடு விசாரணை முடிந்தது. பின் எண்ணை மாற்றினேன். ஆனால் அன்றைக்குத்தான் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்ற வார்த்தையும் என் வீட்டுக்குள் நுழைந்தது.

முதலில் விளையாட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தோம். பிறந்த தேதி 1-1-2000 என்று இருந்தது. அதாவது ஆறாம் வகுப்புப் பையனுக்கு இருபத்தைந்து வயது. யார் போட்டது என்றால், தோகாவில் இருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் போட்டுக் கொடுத்தானாம். உண்மையான வருடத்தைப் போட்டால் அப்பா அம்மா மின்னஞ்சல் கேட்கும், அதனால். இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. எங்கள் தெருவில் நான் விசாரித்தவரை கேம் ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் இரண்டாயிரத்துக்கு முன்னே பின்னே பிறந்தவர்கள்தான். கணக்கே பெரியவர் கணக்காகத் தொடங்கிய பிறகு அதற்கு எந்தப் பூட்டும் வராது. விளையாட்டு அவனை வளர்ந்த ஆள் என்று நம்பி எல்லாக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் வாங்கலாம். கடிதம் எழுதிய அன்பர் சொல்கிற 'வசதி' இந்த இடத்தில் இல்லவே இல்லை.

கணக்கு தொடங்கும் படிவங்கள் எல்லாம் ஏன் 13 வயது ஆயிற்றா என்றே பார்க்கின்றன என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் போட்டார்களாம். 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் விவரத்தை இணையத்தில் வாங்குவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று. உலகம் முழுக்க இருக்கிற படிவம் அந்தச் சட்டத்தைப் பார்த்துத் தைத்த சட்டை. நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குட்பட்டவர். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்பதை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை 1-1-2000-இல் பிறந்தவர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, தேதியைத் திருத்துவோம் என்று போனால், திருத்த முடியாது. கம்பெனிக்கு எழுத வேண்டும், ஆதாரம் அனுப்ப வேண்டும். எதை அனுப்புவது? பையனின் பாஸ்போர்ட் இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. அஞ்சலகத்தில் வாடிக்கையாளர் கொடுத்த அடையாள நகல்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை யார் வைத்திருக்கிறார் என்பதற்கும் கையெழுத்து வாங்குவோம். இவர்கள் எந்த அலமாரியில் வைப்பார்கள்? கடைசியில் பிறந்த தேதியும் பெயரும் படமும் தவிர மற்றதை எல்லாம் காகித ஒட்டு வைத்து மறைத்துப் படம் எடுத்து மகள் அனுப்பினாள். மூன்று மின்னஞ்சல், மூன்றுக்கும் ஒரே மாதிரியான எந்திரப் பதில். பத்தொன்பதாம் நாள் தேதி திருந்தியது. பேரன் ஒரே இரவில் பதினான்கு வயது இளைத்தான்.

இளைத்த மறுநாள்தான் வீட்டில் அழுகை. இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. வயது சரியானதும் விளையாட்டு தானாகவே சில கதவுகளைச் சாத்தியது. அதில் ஒன்று சாட், அதாவது ஆடிக்கொண்டே ஒருவருக்கொருவர் எழுதிப் பேசுகிற வசதி. பள்ளிவிட்டு வந்து டேப்பைத் திறந்தவன், "தாத்தா, அவங்க எல்லாரும் போயிட்டாங்க" என்று நின்றான். யார் என்று கேட்டேன். அப்போதுதான் விவரம் தெரிந்தது. அவன் தினமும் மாலை அந்த விளையாட்டுக்குள் போனது கட்டை அடுக்க மட்டும் இல்லை. தோகாவில் அவனோடு படித்த பையன்கள் நான்கு பேர் அங்கே வருவார்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குளம், குளத்துக்கு நடுவில் ஒரு மண்டபம். எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைப் பார்த்துவிட்டுப் போய் இவன் கட்டியதாம். நான் நாலு மாதமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அம்மா அப்பாவை விட்டு, பள்ளியை விட்டு, புது ஊருக்கு வந்த பையனுக்கு மிச்சம் இருந்த ஒரே திண்ணை அது. நான் திருட்டுக்குப் பயந்து திண்ணையை இடித்துவிட்டேன்.

அதன்பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தோம். முழுதும் திறந்து வைப்பதற்கும் முழுதும் சாத்துவதற்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. நண்பர் பட்டியலில் உள்ளவர்களோடு மட்டும் பேசலாம் என்று வைக்கலாம். ஆனால் பட்டியலில் யார் யார்? அவன் பட்டியலில் 43 பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி ஆறிப்போக, டைரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். இவன் யார், எங்கே பார்த்தாய், இவன் குரலைக் கேட்டிருக்கிறாயா, இவன் அம்மாவை நம் வீட்டில் யாருக்காவது தெரியுமா. ஏழு பேர் தேறினார்கள். தோகா பையன்கள் நாலு, இங்கே வகுப்பில் இரண்டு, சென்னையில் இருக்கும் அண்ணன் மகன். மீதி முப்பத்தாறு பேர் 'ஒரு நாள் கூட விளையாடினான் தாத்தா' ரகம். அதில் ஒரு ஆசாமி, கடவுச்சொல்லைக் கொடுத்தால் இலவசமாகக் காயின் போட்டுத் தருகிறேன் என்று நான்கு தடவை எழுதியிருந்தான். பேரன் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவன் கிராமர் சரியில்ல" என்றான். அந்த ஆளைப் பற்றிப் புகார் செய்யும் பொத்தானை அழுத்தி, தடுத்துவைத்தோம். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே பேசியிருக்க வேண்டும்.

சின்ன வயதுக் கணக்குக்கு ஒரு சல்லடையும் உண்டு. கெட்ட வார்த்தை, தொலைபேசி எண் போன்றவற்றை அது மறைத்துவிடும். நல்லதுதான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எவ்வளவு என்று தோகா நண்பன் கேட்க, இவன் 98 என்று அடிக்க, அங்கே #### என்று போயிற்று. எண் என்றாலே விலாசமோ போன் நம்பரோ என்று அதற்குப் பயம். கடைசியில் இவன் தொண்ணூற்றெட்டு என்று ஆங்கில எழுத்தில் தமிழை நீட்டி எழுதினான், அது தாராளமாகப் போயிற்று. அப்படியென்றால் அதே வழியில் தமிழ்க் கெட்ட வார்த்தையும் தாராளமாகப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு ஒன்று என்று நினைத்தேன். மூன்று இருக்கிறது. விளையாட்டுக் கணக்கின் உள்ளே ஒன்று. பணம் கட்டுகிற இடத்தில் ஒன்று. டேப்புக்கே ஒன்று. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக விழாது. மூன்றும் மூன்று பேர் செய்தது. முதல் பூட்டை மேலே சொன்னபடி போட்டாயிற்று. பணப் பூட்டு என் பின் எண்ணில் இருக்கிறது, அது இப்போது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. மூன்றாவது பூட்டு டேப்பை வாங்கிய காலத்திலேயே மாப்பிள்ளை தோகாவில் போட்டது. அதன் சாவி அவர் போனில் இருக்கிறது.

பேரன் புதிதாக ஒரு செயலியை ஏற்ற வேண்டும் என்றால் மாப்பிள்ளையின் போனுக்கு அனுமதி கேட்டுப் போகும். அன்றாட நேரம் முடிந்து, இன்னும் கால் மணி வேண்டும் என்றாலும் அவருக்குத்தான் போகும். இங்கே மாலை ஐந்து என்றால் அங்கே மதியம் இரண்டரை. அவர் வேலையில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். பள்ளியில் ஒருமுறை கணக்குப் பயிற்சிக்கு ஒரு செயலியை ஏற்றச் சொன்னார்கள். அனுமதி கேட்டு நாங்கள் காத்திருந்தோம். மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து பார்ப்பதற்குள் இரண்டு நாள் போயிற்று. பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய போனில் சிறிது நேரம் மட்டும் செல்லுபடியாகும் ஓர் எண் தெரிகிறது, அதை டேப்பில் அடித்தால் திறக்கும். "மாமா, எழுதிக்குங்க" என்று அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, நான் எழுதிக்கொள்ள, பழைய காலத்தில் டிரங்க் கால் போட்டுத் தந்தி வாசகம் வாங்கின மாதிரி இருந்தது.

சரி, எனக்கும் ஒரு சாவி கொடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டாவது பெற்றோராக இன்னொருவரைச் சேர்க்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை என்னைச் சேர்க்கப் பார்த்தார், ஏற்கவில்லை. குடும்பக் குழுவில் இருக்கிற எல்லாரும் ஒரே நாட்டில் வசிக்க வேண்டுமாம். அவர் கணக்கு கத்தார், என் கணக்கு இந்தியா. ஆசிரியர் அவர்களே, நம் மாவட்டங்களில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோதான் இருக்கிறார். பிள்ளையை வளர்ப்பது அம்மாவோ, பாட்டியோ, மாமாவோ. 'குடும்பம்' என்பதற்கு அந்தப் பூட்டைச் செய்தவர்கள் வைத்திருக்கும் இலக்கணம் நம் குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை. வீட்டில் இருப்பவனுக்குச் சாவி கிடையாது, சாவி வைத்திருப்பவர் வீட்டில் கிடையாது.

அப்படியானால் நான் யார்? அஞ்சலகத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட மைனர் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போடலாம். மற்றபடி மைனர் பெயரில் பாதுகாவலர் கணக்கு தொடங்கலாம். அதிலிருந்து பாதுகாவலர் பணம் எடுக்கும்போது ஒரு சான்று எழுதித் தர வேண்டும்: இந்தத் தொகை இன்னாரின் தேவைக்காக எடுக்கப்படுகிறது, அவர் உயிருடன் இருக்கிறார், இன்னும் மைனராகவே இருக்கிறார். எத்தனை ஆயிரம் தடவை அந்த வாசகத்தின் கீழ் முத்திரை குத்தியிருப்பேன். 18 வயது நிறைந்ததும் புதுப் படிவம், அவனுடைய சொந்த அடையாளச் சான்று. தாத்தா பாட்டி விஷயத்தில் எங்கள் துறையும் கறார்தான். பேத்தி பெயரில் தாத்தா பாட்டி தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்குகளின் பாதுகாவலர் பொறுப்பைப் பெற்றோருக்கோ சட்டப்படியான பாதுகாவலருக்கோ மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறை வந்தது. அதனால் தாத்தா என்ற முறையில் எனக்குத் தனிச் சலுகை வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அங்கே மாற்றிக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறது, கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அவரிடம் சண்டையாவது போடலாம். இங்கே யாரிடம் சண்டை போடுவது?

மாப்பிள்ளையும் மகளும் கலந்து பேசி, கடைசியில் டேப்பில் இருந்த பழைய கணக்கை எடுத்துவிட்டு, இந்தியாவில் புதிதாக ஒரு குழந்தைக் கணக்கு தொடங்கி, என்னையே பெற்றோர் என்று போட்டோம். 'நான் இந்தக் குழந்தையின் பெற்றோர்' என்ற இடத்தில் டிக் செய்யும்போது கை ஒரு நொடி நின்றது. பொய்ச் சான்று. பேரன் 1-1-2000 போட்டதற்கும் நான் இதைப் போட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனிடமும் அதைச் சொன்னேன். சிரித்தான். 'பாதுகாவலர், பெற்றோர் சம்மதத்துடன்' என்று ஒரு கட்டம் அங்கே இருந்திருந்தால் இருவருமே பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. டேப்பில் தமிழ் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு என்ற பக்கத்துக்குள் இரண்டு படி இறங்கினால் மறுபடி ஆங்கிலம். எனக்குத் துறைத் தேர்வு ஆங்கிலம் தெரியும், சமாளித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி தையல் வேலை செய்கிறவர், மூன்றாம் பக்கத்தில் பயந்து, "தம்பி, நீயே படிச்சு அமுக்கு" என்று பையனிடமே கொடுத்துவிட்டார். அவன் படித்தான், அமுக்கினான். எதை அமுக்கினான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

நேரக் கட்டுப்பாட்டில் நான் செய்த தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தேன். அறுபதாவது நிமிடம் திரை அணைந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்து பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் மாயமாகிவிடுவான். மற்ற நால்வரும் அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார்கள். கேரம் ஆட்டத்தில் நடுவில் பலகையைத் தூக்கிக்கொண்டு போவது போல. இப்போது பள்ளி நாளில் ஒன்றேகால் மணி நேரம் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஆனதும் அவனே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட வேண்டும், கூட வைத்த பதினைந்து நிமிடம் அதற்குத்தான். பெரும்பாலும் எழுந்துவிடுகிறான். எழாத நாளும் உண்டு. அன்றைக்கு டேப் என் அலமாரியில்.

அரசே நேரத்துக்குப் பூட்டுப் போட்ட நாடுகளும் இருக்கின்றன. தென்கொரியாவில் 2011-இல் சட்டம் போட்டு, 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் விளையாட்டை நிறுத்தினார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டு 2022 தொடக்கத்தில் அதை நீக்கிவிட்டார்கள். சீனத்தில் 2021 முதல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள் மட்டும், அதுவும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரே ஒரு மணி நேரம். பிள்ளைகள் பெரியவர் கணக்கில் ஆடுகிறார்கள் என்று கண்டு, அங்கே ஒரு பெரிய கம்பெனி இரவில் முகத்தைக் காட்டச் சொல்லிச் சோதிக்கிறது. நம் மாநிலத்தில் 2025-இல் வந்த ஒழுங்குமுறைகளில் நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை தடை, 18 வயதுக்குட்பட்டோருக்கு அடியோடு தடை என்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அவை செல்லும் என்றது. ஆனால் அவை பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடுவதையே தடுத்துச் சட்டம் போட்டது. என் பேரன் ஆடுவது சூதாட்டம் இல்லை, ஆகவே இதில் எதிலும் அவன் வரமாட்டான். தொலைக்காட்சி விவாதத்தில் ரம்மியையும் கட்டை அடுக்குவதையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்குகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இந்தியாவில் 2021-இல் மறுபடி வந்த ஒரு துப்பாக்கி விளையாட்டில், 18 வயதுக்குட்பட்டவர் பெற்றோர் கைபேசி எண்ணைத் தர வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏறக்குறைய அதுதான் என் ஒரு வருடச் சம்பளம். இப்படி ஒரு வரம்பை வைத்துவிட்டு அதையும் பாதுகாப்பு என்று அழைக்கிறார்கள்.

அதனால் பழியை வீட்டார் மேல் மட்டும் போடாதீர்கள் என்று அந்த அன்பரைக் கேட்டுக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனியை மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொள்ள வைத்தது. அதில் 27.5 கோடி குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கான அபராதம், மீதி 24.5 கோடி விளையாடியவர்களுக்குத் திருப்பித் தர. ஆணையம் சொன்ன குற்றச்சாட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று: குழந்தைகள் ஆடும்போதும் அந்நியர்களோடு பேசும் வசதியை முதலிலேயே திறந்து வைத்திருந்தார்கள். எவனோ திறந்து வைத்த கதவை நான் தேடிப் பிடித்து மூட வேண்டும், மூடாவிட்டால் நான் அலட்சியக்காரன் என்றால் அது என்ன நியாயம்? வாசல் கதவைச் சாத்தி வைத்துக் கொடு, வேண்டுமானால் நான் திறந்துகொள்கிறேன்.

பெரியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. பூட்டைத் தேடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவன் என்ன கட்டுகிறான் என்று பாருங்கள். நான் அதை நாலு மாதம் கழித்துச் செய்தேன். கணக்கில் உண்மையான பிறந்த தேதி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள், அது பொய்யானால் மற்ற எந்தப் பூட்டும் பிடிக்காது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஆன்லைன் விளையாட்டு பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. அட்டை விவரத்தைச் செயலிகளில் பதிந்து வைக்காதீர்கள், செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள் என்றெல்லாம் நல்ல விஷயம் அதில் இருக்கிறது. பேரனின் பள்ளி ஒரு பெற்றோர் கூட்டத்திலாவது அதைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு பக்கம் சினிமாவுக்கு இருக்கிறது, ராசிபலனுக்கு அரைப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் ஆடும் நாலைந்து விளையாட்டை எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான், அதற்குத் தமிழில் என்ன பொருள், அமுக்கினால் என்ன நடக்கும் என்று படம் போட்டு நாலு வாரம் எழுதுங்கள். வெட்டி ஃபிரிஜ் மேல் ஒட்டி வைத்துக்கொள்வோம். நான் என் டைரியில் கிறுக்கி வைத்திருப்பது பதினொரு பக்கம் இருக்கிறது, வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறேன். எங்கள் தெருவில் இதுவரை ஆறு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அதில் மூன்று பேர் தாத்தாக்கள்.

போன வாரம் தோகாவில் விடுமுறை. அந்த நாலு பையன்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். சனிக்கிழமை என்பதால் நானே அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்தேன். இப்போது அதற்குத் தோகாவைக் கேட்க வேண்டியதில்லை. குளத்துக்குப் படித்துறை கட்டிக்கொண்டிருந்தார்கள். படி உயரமாக இருக்கிறது, கிழவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று நான் சொன்னேன். பேரன் அதை ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினான். அங்கிருந்து ஒருவன் "ஓகே தாத்தா" என்று எழுதினான். எண் இல்லாததால் சல்லடை அதை விட்டுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மன்னார்குடி

பி.கு.: பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரன் வகுப்பில் இரண்டு பேர் வீட்டில் உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார்கள். அந்த நீலச் சட்டை, சிறகு விவகாரம் பள்ளியில் தெரிந்தால் என்னை விடமாட்டான்.